ஸ்டௌட் பியர் விட்ட ஆப்பிள் சட்னி: கசக்குது, மேல தண்ணி நிக்குது. எங்க பிழை?

வெம்பிளி_வதனி
அக்டோபர் 12

பிரம்லி ஆப்பிளில ஸ்டௌட் எண்ட கறுப்புப் பியர் விட்டுப் பழச் சட்னி செய்தனான். தோசைக்கு அரைக்கிற சட்னியை நினைக்காதேங்கோ. இங்கிலாந்தில சீஸுக்கும் ஹாமுக்கும் பக்கத்தில வைக்கிற, சீனியும் வினாகிரியும் போட்டு வற்றக் காய்ச்சி மாசக்கணக்கில போத்தலில வைக்கிற சட்னி. சரிவரேல்லை.

போட்ட அளவு இதுதான்: தோலும் விதையும் எடுத்த பிரம்லி 1 கிலோ, வெங்காயம் 300 கிராம், பேரீச்சம்பழம் 200 கிராம், கடும் நிற மஸ்கோவாடோ சீனி 300 கிராம், 4.2 சதவீதச் சாராயம் உள்ள உலர் (இனிப்புக் குறைஞ்ச) ஸ்டௌட் ஒரு முழுப் பைன்ட் (568 மி.லி.), மோல்ட் வினாகிரி 150 மி.லி., கராம்புத் தூள் ஒரு தேக்கரண்டி, இஞ்சி ஒரு துண்டு, உப்பு ஒரு தேக்கரண்டி. எல்லாத்தையும் ஒரேயடியாப் பானையில போட்டு ஒண்டேகால் மணித்தியாலம் கொதிக்க வைச்சன். பொங்கி அடுப்பெல்லாம் ஊத்துண்டது.

நேற்று அடைச்ச நாலு போத்தலிலயும் இப்ப பார்த்தால் நாக்கின்ர அடியில நிக்கிற கசப்பு. வெங்காயம் இன்னும் நறுக்கெண்டு கடிபடுது. மேல அரை விரல் உயரத்துக்குத் தண்ணி.

ஸ்டௌட்டும் புளிப்புத்தானே, அதால வினாகிரியைக் குறைச்சால் பிழையில்லை எண்டு நினைச்சன். அது சரியோ? எந்த ஸ்டௌட் வாங்கோணும்? நத்தாருக்குப் பரிசா குடுக்கோணும், இனிச் செய்தால் நேரம் காணுமா? இந்த நாலு போத்தலையும் எறியத்தான் வேணுமோ?


ஊறுகாய்ப்பானை
அக்டோபர் 12

எறிய வேண்டாம். ஆனால் அலமாரியிலும் வைக்க வேண்டாம்; இப்போதே குளிர்ப்பெட்டிக்கு மாற்றுங்கள். காரணம் வினிகர் அளவு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் ருசி சம்பந்தப்பட்டது, இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது.

ஸ்டௌட் வினிகரின் வேலையைச் செய்யாது. பியரின் பி.எச். (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) பொதுவாக 4-க்கும் 4.5-க்கும் இடையில் இருக்கும். அதில் உள்ள அமிலம் மிகக் கொஞ்சம். வெங்காயம், பேரீச்சை, இஞ்சி மூன்றும் புளிப்பில்லாதவை. அவை கலவையின் பி.எச்.சை மேலே இழுக்கும். காற்றுப் புகாமல் மூடிய போத்தலில் பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா வளராமல் இருக்க பி.எச். 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும். வீட்டில் செய்பவர்கள் 4-க்குக் கீழே வைத்துக்கொள்வதுதான் நல்லது. அந்த இடைவெளிதான் நமக்குக் காப்பு. பிரம்லி நல்ல புளிப்பு என்பதால் உங்களுடைய சட்னி தப்பித்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் பரிசாகக் கொடுக்கும் பொருளை அனுமானத்தின் பேரில் கொடுக்கக் கூடாது.

ஆகவே விதி: ஒரு கிலோ பழத்துக்கு, 5 சதவீத அமிலம் என்று லேபிளில் உள்ள வினிகர் 350 மி.லி. ஸ்டௌட் எவ்வளவு விட்டாலும் இந்த 350-இல் கை வைக்காதீர்கள். ஸ்டௌட் வாசனைக்கும் நிறத்துக்கும். இஞ்சியைப் போல, மிளகைப் போல அதுவும் ஒரு மசாலா என்றே கணக்கு வையுங்கள்.

இனி கசப்பு. ஹாப்ஸ் என்ற பூவிலிருந்து பியருக்கு வரும் கசப்புப் பொருள் கொதியில் ஆவியாகாது. தண்ணீர் போகும், சாராயம் பெரும்பாலும் போகும், கசப்பு அப்படியே பானையில் நிற்கும். கஷாயம் வற்ற வற்றக் கடுமை ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். நீங்கள் ஒரு பைன்டை முழுவதுமாக வற்ற வைத்திருக்கிறீர்கள். அதற்கு மேல், ஸ்டௌட்டுக்குக் கறுப்பு நிறம் கொடுக்கும் கருக வறுத்த பார்லியின் கசப்பு. கடும் மஸ்கோவாடோவில் உள்ள மொலாசஸின் (கறுத்த கரும்புப் பாகின்) கசப்பு. ஒரு முழுத் தேக்கரண்டி கராம்புத் தூள். கராம்பு தூளாகப் போனால் நாக்கை மரக்கச் செய்யும் ஒரு கசப்பை விடும், முழுசாகப் போட்டு எடுத்துவிட்டால் அவ்வளவு வராது. ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு கசப்புகள்.

வெங்காயம் வேகாததற்குக் காரணம் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டது. அமிலம் பட்டால் காய்கறியின் செல்சுவரைப் பிடித்துவைத்திருக்கும் பெக்டின் சீக்கிரம் இளகாது. புளிக்குழம்பில் காய் வெந்த பிறகுதான் புளி கரைத்து விடுகிறோம், அது இதற்காகத்தான். சர்க்கரையும் பழத்தின் நீரை இழுத்துத் தோலை இறுக்கும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் வெங்காயம், பிறகு பழம், பிறகு வினிகர், கடைசியில் சர்க்கரை.

நான் செய்யும் அளவு, 340 கிராம் போத்தல் ஐந்துக்கு:

பிரம்லி 600 கிராம், வடிவம் குலையாத ஆப்பிள் (காக்ஸ் அல்லது பிரேபர்ன்) 400 கிராம், இரண்டும் சீவி நறுக்கிய பின் எடை. வெங்காயம் 300 கிராம். கொட்டை நீக்கிய பேரீச்சை 200 கிராம். உலர் திராட்சை 150 கிராம். இளநிற மஸ்கோவாடோ அல்லது டெமராரா சர்க்கரை 350 கிராம். மோல்ட் வினிகர் 350 மி.லி. ஸ்டௌட் 300 மி.லி. துருவிய இஞ்சி 40 கிராம். உப்பு 15 கிராம். கடுகு ஒரு மேசைக்கரண்டி. மெல்லிய துணியில் கட்டிய முடிச்சுக்குள் கராம்பு 6, ஆல்ஸ்பைஸ் 10, மிளகு 10, காய்ந்த மிளகாய் 2.

உப்பைக் குறைக்காதீர்கள். கசப்பை அடக்குவதில் சர்க்கரையை விட உப்புக்குத்தான் கெட்டிக்காரத்தனம் அதிகம்.

முதல் நாள் இரவே ஸ்டௌட்டை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, நுரை அடங்கியதும் 250 மி.லி.யில் பேரீச்சையையும் திராட்சையையும் ஊறப் போடுங்கள். மீதி 50 மி.லி.யை மூடித் தனியே வையுங்கள். மறுநாள் வெங்காயத்தை 100 மி.லி. தண்ணீர் விட்டு, மூடி, மிதமான தீயில் 15 நிமிடம். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். பிறகு இரண்டு வகை ஆப்பிளும் இஞ்சியும், இன்னொரு 10 நிமிடம். பிரம்லி ஓரங்களில் கரையத் தொடங்கியதும் வினிகர், உப்பு, மசாலா முடிச்சு, கடுகு. மூடியை எடுத்துவிட்டு 20 நிமிடம். அதன் பின் ஊறிய பழங்களை ஸ்டௌட்டோடு சேர்த்து ஊற்றி, சர்க்கரை போட்டு, சர்க்கரை முழுவதும் கரையும்வரை தீயைக் குறைத்தே கிளறுங்கள். கரையாத சர்க்கரை அடியில் உட்கார்ந்தால் பிடித்துவிடும். அந்தக் கருகல் கசப்பை எதைக் கொண்டும் எடுக்க முடியாது.

அங்கிருந்து 60 முதல் 80 நிமிடம். கடைசி இருபது நிமிடத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடியைத் தொட்டுக் கிளற வேண்டும். மரக்கரண்டியால் பானையின் அடியில் ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்குள் உடனே நீர் வந்து நிறைந்தால் இன்னும் ஆகவில்லை. பானையின் அடி மூன்று நான்கு விநாடி தெரிந்து, மெல்ல மூடிக்கொண்டால் பதம். உங்கள் போத்தலின் மேல் நிற்கும் தண்ணீர் இந்தச் சோதனைக்கு முன்பே இறக்கியதால் வந்தது.

ஜாமுக்குப் பார்க்கும் 105 பாகை இங்கே உதவாது. ஜாம் பெக்டினால் உறைகிறது. சட்னி நீர் வற்றித்தான் கெட்டியாகிறது. ஆறினால் இன்னும் ஒரு சுற்று இறுகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், கல்லாக வற்ற வைத்துவிடாதீர்கள்.


டப்ளின்_சேது
அக்டோபர் 13

பானை அண்ணன் சொன்னதுல ஸ்டௌட் வகை மட்டும் விட்டுப்போச்சு, அதை நான் சொல்றேன்.

கடையில ‘ஸ்டௌட்’னு எழுதியிருக்கிறது எல்லாம் ஒண்ணு இல்லைங்க. உலர் ஐரிஷ் ஸ்டௌட், அதாவது கின்னஸ் டிராஃப்ட் மாதிரி, 4 சதவீதத்தைச் சுத்தி இருக்கும். மால்ட் ஆக்காத, அதாவது முளைகட்டாத பார்லியை வறுத்துப் போடுறதால காபி மாதிரி ஒரு வறட்டுக் கசப்பு. இனிப்பு கம்மி. குடிக்க நல்லது, சட்னிக்கு நடுத்தரம். கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ரா 7.5 சதவீதம். அது 1801-ல கரீபியனுக்குக் கப்பல்ல அனுப்புறதுக்காக ஹாப்ஸ் அதிகமாப் போட்டுக் காய்ச்சின வெஸ்ட் இண்டியா போர்ட்டர்ங்கிற கறுப்பு பியரோட வாரிசு. பயணத்துல கெடாம இருக்கத்தான் அந்த ஹாப்ஸ். அதனால கசப்பும் ஜாஸ்தி. அதை எடுத்தீங்கன்னா 300-ஐ 150-ஆக் குறைச்சு, மிச்சத்துக்கு ஆப்பிள் ஜூஸ் ஊத்துங்க.

சட்னிக்கு என் ஓட்டு மில்க் ஸ்டௌட்டுக்குத்தான். அதுல லாக்டோஸ், அதாவது பால்ல இருக்கிற சர்க்கரை, சேர்க்கிறாங்க. பியர் ஈஸ்டுக்கு லாக்டோஸைத் தின்னத் தெரியாது, அதனால அந்த இனிப்பு பாட்டில் வரைக்கும் வந்து சேருது. 1907-ல கென்ட் மாவட்டத்து ஹைத் ஊர்ல மெக்கஸன் கம்பெனி இதை வித்தாங்க, இன்னிக்கும் அந்தப் பேர்ல சின்ன கேன் கிடைக்குது, 3 சதவீதம்கூட வராது. ஓட்மீல் ஸ்டௌட்டும் சரிப்படும், வாயில வழவழன்னு இருக்கும். வனிலா, தேங்காய், மார்ஷ்மெல்லோன்னு போட்டு வர்ற புதுசுங்களைத் தொடாதீங்க. வினிகரோட சேர்ந்தா வனிலா வாசனை சோப்பு மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு, கேன்ல நைட்ரஜன் குண்டு வச்ச டிராஃப்ட் வாங்காம பாட்டில்ல வர்றதை வாங்குங்க. அந்தப் பொடி நுரை அடங்கவே அடங்காது. வதனி அக்காவுக்குப் பொங்கி வழிஞ்சது அதனாலயாக்கூட இருக்கலாம். கேன்தான் இருக்குன்னா, ரெண்டு பாத்திரத்துல டீ ஆத்துற மாதிரி நாலு தடவை ஆத்தி, ரெண்டு மணி நேரம் விட்டுட்டுப் போடுங்க.

அப்புறம், ஸ்டௌட்டை முதல்லயே ஏன் போடணும்? கடைசி பதினைந்து நிமிஷத்துல ஊத்தினா கசப்பு வராதே?


ஊறுகாய்ப்பானை
அக்டோபர் 13

வரும் சேது. கசப்பு ஆவியாவதில்லை என்றால், எப்போது ஊற்றினாலும் ஊற்றிய அளவுக் கசப்பு சட்னிக்குள் இருக்கும். முதல் நிமிடமோ கடைசி நிமிடமோ, 300 மி.லி.யின் கசப்பு 300 மி.லி.யின் கசப்புத்தான். அதைத் தீர்மானிப்பது அளவும் வகையும். கடைசியில் 300 மி.லி. ஊற்றினால் அவ்வளவு நீரையும் வற்ற வைக்க மறுபடி அரை மணி போகும்; அதற்குள் பழம் கூழாகிவிடும், அடியும் பிடிக்கும்.

ஆனால் நீங்கள் சொன்னதில் பாதி சரி. ஸ்டௌட்டின் வறுத்த வாசனை நீண்ட கொதியில் போய்விடுகிறது. அதற்காகத்தான் 50 மி.லி. தனியே வைக்கச் சொன்னேன், எப்போது ஊற்றுவது என்று எழுத விட்டுப்போனது. பதம் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு ஊற்றுங்கள். போத்தலைத் திறந்ததும் ஸ்டௌட் என்று தெரிவது அந்த 50 மி.லி.யால்.

லாக்டோஸ் பற்றி ஒன்று சேர்க்கிறேன். பரிசாகக் கொடுப்பதென்றால் லேபிளில் எழுதியாக வேண்டும். மில்க் ஸ்டௌட்டில் பால் சார்ந்த பொருள், எல்லா ஸ்டௌட்டிலும் மோல்ட் வினிகரிலும் பார்லி, முடிச்சில் இல்லாமல் நேரே போட்ட கடுகு, சில உலர் பழங்களில் கெடாமல் இருக்கப் போடும் சல்ஃபைட். நான்குமே ஒவ்வாமைப் பட்டியலில் உள்ளவை.


லெஸ்டர்_அக்கா
அக்டோபர் 13

பானையையும் போத்தலையும் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. பாதிச் சட்னி கெடுவது அங்கேதான்.

பானை எவர்சில்வர் அல்லது எனாமல். அலுமினியச் சட்டி, பித்தளை உருளி, இரும்புச் சட்டி, எதுவும் கூடாது. ஈயம் பூசின பித்தளையாக இருந்தாலும் வேண்டாம். இரண்டு மணி நேரம் வினிகர் கொதித்தால் உலோகம் கரைந்து வரும், சட்னிக்கு நாணயத்தைச் சப்பின மாதிரி ஒரு ருசி வரும். அந்தக் கசப்பை ஸ்டௌட் மேல் பழி போட்டுவிடுவோம். வதனி, நீங்கள் எதில் செய்தீர்கள் என்று எழுதவில்லை, அதையும் ஒருமுறை பாருங்கள். பானை உயரத்தைவிட அகலம் முக்கியம். 28 சென்டிமீட்டராவது இருந்தால் சீக்கிரம் வற்றும். ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், அதில் நீர் வற்றாது.

போத்தலைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல், 140 பாகை ஓவனில் (விசிறி ஓவன் என்றால் 120) 15 நிமிடம். மூடியைத் தனியே வெந்நீரில் கொதிக்கவிடுங்கள். ரப்பர் வளையம் உள்ள போத்தல் என்றால் வளையத்தை ஓவனில் வைக்கக் கூடாது, அதையும் வெந்நீரில்தான். சட்னியும் சூடு, போத்தலும் சூடு. அடைக்கும்போது சட்னி 85 பாகைக்குக் கீழே போகக் கூடாது. சூடான சட்னியை ஆறின போத்தலில் ஊற்றினால் கண்ணாடி விரியும்.

விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் கீழே வரை நிரப்புங்கள். சட்னி கெட்டியாக இருப்பதால் நடுவில் காற்றுப் பொந்து விழும். சுத்தமான மெல்லிய கத்தியை ஓரமாக இறக்கி ஒரு சுற்று சுற்றினால் பொந்து மேலே வந்துவிடும். விளிம்பில் ஒட்டியிருப்பதை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்த பிறகு மூடுங்கள். விளிம்பில் ஒட்டின அந்தத் துளியில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும்.

மூடியின் உட்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்க வேண்டும். வெறும் தகரம் என்றால் வினிகர் ஆவியில் துருப்பிடித்துச் சட்னிக்குள் உதிரும். பழைய முறையில் மெழுகுத்தாளும் செலோபேனும் போட்டு நூல் கட்டுவார்கள், அது ஜாமுக்குச் சரி. சட்னிக்குப் போட்டால் வினிகர் மெல்ல மெல்ல ஆவியாகிப் போய், மூன்று மாதத்தில் சட்னி போத்தலுக்குள் சுருங்கித் தோல் மாதிரி ஆகிவிடும். நம் வீட்டில் இன்னொரு ஆபத்து உண்டு: எலுமிச்சை ஊறுகாயோ மாசிச் சம்பலோ இருந்த போத்தலின் மூடி. எத்தனை தடவை கழுவினாலும் அந்த ரப்பர் வாசனையை விடாது. புது மூடி வாங்குங்கள், விலை பெரிதல்ல.


வெம்பிளி_வதனி
அக்டோபர் 13

எல்லாருக்கும் நன்றி. லெஸ்டர் அக்கா, பானை எவர்சில்வர்தான், ஆனால் ஆழமான சாம்பார்ப் பானை, அகலம் 20 செ.மீ. தான் வரும். அதாலயும் வற்றேல்லைப் போல.

மூண்டு கேள்வி மிச்சம். ஒண்டு, அந்த நாலு போத்தலைத் திரும்பக் காய்ச்சலாமோ? இரண்டு, பிள்ளையளும் சாப்பிடுவினம், சாராயம் எவ்வளவு மிஞ்சும்? மூண்டு, மோல்ட் வினாகிரிக்குப் பதிலா இலங்கைத் தேங்காய் வினாகிரி வீட்டில கனக்க இருக்கு, அதைப் பாவிக்கலாமோ?


ஊறுகாய்ப்பானை
அக்டோபர் 13

காய்ச்சலாம். நான்கையும் அகலமான பானையில் கொட்டுங்கள். வேறு பாத்திரத்தில் 500 கிராம் பிரம்லியை நறுக்கி, அரைக் கோப்பைத் தண்ணீரில் குழைய வேகவைத்து அதில் சேருங்கள். வினிகர் 375 மி.லி., வெள்ளைச் சர்க்கரை 150 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி. இங்கே பழுப்புச் சர்க்கரை வேண்டாம், மொலாசஸ் ஏற்கெனவே அதிகம். ஸ்டௌட் இனி ஒரு சொட்டும் வேண்டாம். 50 நிமிடம், கோடு இழுக்கும் சோதனை வரை. கசப்பு முழுவதும் போகாது. பழத்தைக் கூட்டிப் பரவலாக்குகிறோம், அவ்வளவுதான். நறுக்கென்ற வெங்காயமும் முழுசாக மசியாது. வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பரிசுக்குப் புதிதாகச் செய்யுங்கள்.

சாராயம்: முழுவதும் ஆவியாகும் என்று பலரும் சொல்வது சரியல்ல. அமெரிக்க விவசாயத் துறை வெளியிட்ட அட்டவணைப்படி, கலவையோடு சேர்ந்து கொதித்தால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 25 சதவீதமும், ஒன்றரை மணியில் 20 சதவீதமும் மிஞ்சும். 4.2 சதவீத ஸ்டௌட் 250 மி.லி.யில் சாராயம் பத்து மி.லி.யும் சொச்சமும். ஒரு மணி தாண்டிக் கொதித்தால் சுமார் இரண்டரை மி.லி. அதுவும் 1.8 கிலோ சட்னி முழுவதற்கும். ஒரு தேக்கரண்டியில் கணக்குக்கே வராது. கடைசியில் விடும் 50 மி.லி.யில்தான் ஒப்பீட்டில் அதிகம் நிற்கும். பிள்ளைகளுக்கென்றால் அதை விட்டுவிடுங்கள். சமயக் காரணத்தால் சாராயத்தை முற்றாகத் தவிர்ப்பவர்களுக்கு இந்தச் சட்னியைக் கொடுக்கவே வேண்டாம். அவர்களுக்கு 300 மி.லி. ஆப்பிள் ஜூஸில் இரண்டு தேக்கரண்டி உடனடிக் காபித்தூள் கரைத்து அதே முறையில் செய்யலாம், வறுத்த வாசனை ஓரளவு வரும்.

தேங்காய் வினிகர் பற்றி அந்தப் பக்கத்து ஆட்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


மலையகத்தான்
அக்டோபர் 14

தேங்காய் வினாகிரி தாராளமா போடலாங்க, ஆனா லேபிளைப் பாருங்க. 4 சதவீதம்னு போட்டு வர்றதும் இருக்கு. 5 சதவீதத்துல 350 மி.லி. வேணும்னா, 4 சதவீதத்துல 440 மி.லி. ஊத்தணும். கூடுதலா ஊத்தின 90 மி.லி.யை வத்த வைக்க இன்னும் பத்துப் பதினைஞ்சு நிமிஷம் ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். சதவீதமே போடாத போத்தலை இதுக்குப் பாவிக்காதீங்க. இங்கிலாந்துல மீன் பொரியல் கடையில கறுப்பா ஊத்தித் தர்றாங்களே, அதுல நிறையப் பேர் பாவிக்கிறது வினாகிரியே இல்லை, அசெட்டிக் அமிலத்துல நிறம் கலந்த தண்ணி. அதுவும் வேண்டாம்.

ஸ்டௌட் வகையில எங்க ஊர் லயனை யாரும் சொல்லலை. லயன் ஸ்டௌட் 8.8 சதவீதம். நுவரெலியாவுல தொடங்கின மதுவடிசாலை, இப்ப பியகமவுல காய்ச்சுறாங்க. லண்டன்ல இலங்கைக் கடை இருக்கிற பக்கம் தேடினா கிடைக்கும். கடும் சரக்குதான், ஆனா உலர் ஸ்டௌட் மாதிரி வறட்டுக் கசப்பு இல்லை. சொக்லேட்டும் கருப்பட்டியும் கலந்த மாதிரி ஒரு இனிப்பு அடியில இருக்கும். சட்னிக்கு எடுத்துவச்ச மாதிரி. 1 கிலோ பழத்துக்கு 200 மி.லி. காணும். மேல போகாதீங்க.

அதோட பேரிக்காய் சேர்த்துப் பாருங்க. நுவரெலியா, வெலிமடைப் பக்கம் விளையுற கல்லு மாதிரிப் பேரிக்காய் இதுக்கு நல்லா இருக்கும். லண்டன்ல கான்ஃபரன்ஸ் பேரிக்காய், பழுக்கிறதுக்கு முன்னாடி எடுத்தா சரி. பேரிக்காய் 1 கிலோ, லயன் 200 மி.லி., பேரீச்சம்பழம் 200, வெங்காயம் 250, இஞ்சி 60, சீனி 150, கித்துள் கருப்பட்டி 150, பச்சை மிளகாய் 4, கறுவாப்பட்டை ஒரு விரல் நீளம். பேரிக்காய்க்குப் பிரம்லி அளவு புளிப்பு கிடையாது, அதனால வினாகிரி 400 மி.லி. (5 சதவீதத்துல), ரெண்டு தேசிக்காய்ச் சாறு. அதுல பெக்டினும் கம்மி, அதனால கடைசி வரைக்கும் தண்ணியாத் தெரியும், பயந்துடாதீங்க. ஒரு பிரம்லி இல்லைன்னா ரெண்டு அம்பரெல்லா துருவிப் போட்டா கெட்டியாகிடும்.

மாங்காய்ல செய்யணும்னா காயாத்தான் செய்யணும். பழுத்த மாம்பழத்துல புளிப்பு குறைஞ்சுடும், பி.எச். ஏறிடும், போத்தல்ல வைக்கிறது பாதுகாப்பு இல்லை. ருசிக்கும் மாம்பழ வாசனையும் ஸ்டௌட் வாசனையும் சண்டை போடும்.

கருப்பட்டி போடுறவங்க ஒண்ணு கவனிங்க. அப்படியே போடாதீங்க, மண்ணும் தூசியும் இருக்கும். கொஞ்சம் வினாகிரியில கரைச்சு வடிகட்டி ஊத்துங்க. யாழ்ப்பாணத்துப் பனங்கட்டிக்கும் இதேதான்.


டப்ளின்_சேது
அக்டோபர் 14

லயன் 8.8-ஆ! அப்ப சாராயக் கணக்கும் கூடுதே. 200 மி.லி.க்கு 17 மி.லி.க்கு மேல. பிள்ளைங்களுக்குக் கொடுக்கிற பேட்ச்ல மெக்கஸன் மாதிரி ஒண்ணுதான் நல்லது.

பி.எச். பார்க்க அட்டைக் குச்சி வாங்கலாமான்னு யாராச்சும் கேட்பீங்க. வேண்டாம், கறுப்புச் சட்னியில குச்சியோட நிறம் தெரியாது. சின்ன டிஜிட்டல் மீட்டர் வாங்கி, 4.01, 7.00 ரெண்டு கரைசல்லயும் சரிபார்த்துட்டு, ஒரு கரண்டி சட்னியை மசிச்சு ஆறவச்சு உள்ள விடுங்க. 3.5-லிருந்து 3.9-க்குள்ள காட்டினா நிம்மதியா மூடி வைக்கலாம்.


வெம்பிளி_வதனி
அக்டோபர் 14

அப்ப முடிவு: பரிசுக்கு ஆப்பிளும் மில்க் ஸ்டௌட்டும், பானை அண்ணாவின்ர அளவு. எங்களுக்குப் பேரிக்காயும் லயனும். 30 செ.மீ. அகலச் சட்டி ஒண்டு அயல் வீட்டில கேட்டிருக்கிறன். இந்தச் சனிக்கிழமை, 18ஆம் திகதி அடைச்சால் நத்தாருக்குப் பதமா வருமோ? ருசி பார்க்கேக்க வினாகிரி மூக்கில ஏறினால் சீனி கூட்டட்டோ?


ஊறுகாய்ப்பானை
அக்டோபர் 14

கூட்டாதீர்கள். கொதிக்கும் சட்னியில் வினிகர் மூக்கில் ஏறத்தான் செய்யும். அதை நம்பிச் சர்க்கரை போட்டால் இரண்டு மாதம் கழித்துத் தித்திப்புத்தான் மிஞ்சும். ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் வைத்து, முழுவதும் ஆறிய பிறகு உப்பும் காரமும் மட்டும் பாருங்கள்.

நான்கு வாரத்தில் சாப்பிடலாம், எட்டு வாரத்தில் நன்றாக இருக்கும். 18-ஆம் தேதி அடைத்தால் நத்தாருக்குக் கிட்டத்தட்ட பத்து வாரம். ஸ்டௌட்டின் கசப்பும் வினிகரின் கூர்மையும் அதற்குள் ஒன்றோடொன்று படிந்துவிடும். இருட்டான, அடுப்புக்குத் தள்ளிய அலமாரி போதும். திறக்காத போத்தல் ஒரு வருடம். திறந்தது குளிர்ப்பெட்டியில் ஆறு வாரம், உலர்ந்த கரண்டி.

போத்தல் கொடுக்கும்போது எப்படிச் சாப்பிடுவது என்றும் சொல்லிக் கொடுங்கள். முற்றிய செடார், குளிர்ந்த ஹாம், போர்க் பை, இங்கே அவற்றோடுதான் பழக்கம். நம் பக்கத்தில் மீன் கட்லட்டுக்கும் மட்டன் ரோலுக்கும் பொருந்தும். பாற்கட்டி வைத்துச் சாப்பிடும் எந்த ரொட்டிக்கும் போகும். சோற்றுக்கு வேண்டாம், இனிப்பு தூக்கலாக இருக்கும்.

அடைக்கும்போது 100 கிராம் குட்டிப் போத்தல் ஒன்றைத் தனியே நிரப்பிவிடுங்கள். நவம்பர் 15-ஐ ஒட்டி அதைத் திறந்து பாருங்கள். மூடியைத் திறக்கும்போது காற்றுச் சீறினாலோ, உள்ளே சின்னக் குமிழ்கள் ஏறினாலோ நொதிக்கிறது என்று பொருள். அந்த முறை அடைத்த எதையும் கொடுக்கவும் வேண்டாம், சாப்பிடவும் வேண்டாம். கெட்டியாக, மினுமினுப்பாக, மேலே நீர் இல்லாமல் இருந்தால் மீதியைத் தொடாமல் டிசம்பர் வரை விட்டுவிடுங்கள்.